வாட்டர் கலர் வரலையா? கை மேல பழி போடாதீங்க!



இந்த இதழின் ஓவியப் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வாட்டர் கலர். எதை வாங்கணும், எதை வாங்க வேண்டாம், எப்படித் தீட்டணும் என்று எங்கள் டிராயிங் சார் சொல்லிக் கொடுத்ததையும், நானே செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். செலவு ரொம்ப ஆகாது, தைரியமாகப் படியுங்கள்!

வாட்டர் கலர் என்றால் என்ன?

நிறப்பொடியைப் பிசினோடு சேர்த்து அரைத்தால் அதுதான் வாட்டர் கலர். அந்தப் பிசின் ஆப்பிரிக்காவில் வளரும் ஒரு வகை வேல மரத்திலிருந்து வருகிறது. நம்ம ஊர்க் கருவேல மரத்தில் வடிகிற பிசினுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. வில்லை ஒரேயடியாகக் காய்ந்து வெடிக்காமல் இருக்க கிளிசரினோ தேனோ கொஞ்சம் சேர்ப்பார்கள்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. வாட்டர் கலர் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் நிறத்துக்குள்ளே புகுந்து, கீழே இருக்கிற காகிதத்தில் பட்டு, திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. அதனால் படத்தில் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளைதான். பாட்டிலில் வருகிற போஸ்டர் கலர் அப்படியில்லை, அது கீழே இருப்பதை மூடிவிடும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாட்டர் கலரைக் கெட்டியாக அப்பினால் படம் சேறு மாதிரி ஆகிவிடும்.

உங்களுக்குத் தெரியுமா?

1792-ல் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் நம்ம மதுரைக்கு வந்தார்கள். அப்போது கேமராவே கிடையாது. திருமலை நாயக்கர் மகாலையும் புது மண்டபத்தையும் பார்த்து வரைந்துகொண்டு போனார்கள். பிறகு லண்டனில் 'ஓரியண்டல் சீனரி' என்ற தொகுப்பில் அவற்றை அச்சடித்தார்கள். மொத்தம் 144 படங்கள், கையால் நிறம் தீட்டியவை. நேப்பியர் பிரபு சென்னை கவர்னராக இருந்த 1866-1872 காலத்தில்தான் மகாலைப் பழுது பார்த்தார்கள். அதற்கு முன்னால் மகால் எப்படி இடிந்து கிடந்தது என்பதை இன்றைக்கும் நாம் பார்க்க முடிகிறதென்றால், அதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம். ஆக, படம் வரைவது வெறும் பொழுதுபோக்கு மட்டும் இல்லை!

1. காகிதம்: காசை இதில் போடுங்க

எங்க வகுப்பில் ஒருத்தன், "என் கைக்கு வாட்டர் கலர் வராதுடா" என்று சொல்லி, கலர் பாக்ஸைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். அவன் பென்சில் ஓவியம் அருமையாக இருக்கும். அதனால் நாங்கள் ஒரு சோதனை செய்தோம். அதே பாக்ஸ், அதே பிரஷ், அதே வாழைமரம். ஒன்றை சாதாரண டிராயிங் நோட்டிலும், இன்னொன்றை 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் காகிதத்திலும் அவனையே தீட்டச் சொன்னோம். நோட்டுத்தாள் அப்பளம் மாதிரி நெளிந்தது, பள்ளத்தில் நிறம் தேங்கியது, இரண்டாவது தடவை தேய்த்ததும் நூல் நூலாகக் கிளம்பியது. தடிமன் காகிதத்தில் அதே கை வரைந்த வாழை இலை பளபளன்னு வந்தது. சாயந்திரமே தம்பியிடம் கெஞ்சி பாக்ஸை வாங்கிவிட்டான்!

ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை எத்தனை கிராம் என்று அர்த்தம். ஜெராக்ஸ் தாள் 70, 80 இருக்கும். வாட்டர் கலருக்கு 200-க்குக் குறையக்கூடாது, 300 நல்லது. எடை மட்டும் போதாது. தண்ணியை உடனே உறிஞ்சிவிடாமல் இருக்க ஒரு பசைப்பூச்சும் வேணும். வாட்டர் கலருக்கென்றே விற்கிற தாளில் அது இருக்கும். பஞ்சில் செய்த தாள் இன்னும் உசத்தி. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலையில் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்தே காகிதம் செய்கிறார்கள்.

சிக்கன வழி: பெரிய ஷீட் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து வாங்கி, எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பரீட்சை அட்டையில் நாலு பக்கமும் டேப் ஒட்டித் தீட்டினால் தாள் அதிகம் நெளியாது.

2. பிரஷ்: மூன்று போதும்

ரவுண்டு பிரஷ் 4, 8 நம்பரில் ஒவ்வொன்று, வானம் தீட்ட ஒரு இஞ்ச் பட்டை பிரஷ் ஒன்று. கடையில் ரவுண்டு பிரஷைத் தண்ணியில் நனைத்து ஒரு உதறு உதறுங்கள். நுனி ஊசி மாதிரி சேர்ந்தால் நல்ல பிரஷ், இரண்டாகப் பிளந்தால் வேண்டாம். நைலான் பிரஷே நமக்குத் தாராளம்.

ஒரு எச்சரிக்கை. கீரி முடியில் செய்த பிரஷ் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த முடி நடுவில் வெளிறியும் நுனியில் கரும்பழுப்பாகவும் இருக்கும். அதற்காகக் கீரிகளைக் கொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம்.

3. நிறம்: ஆறு இருந்தால் அறுபது

24 கலர் பாக்ஸ் தேவையே இல்லை. லெமன் எல்லோ, கொஞ்சம் ஆரஞ்சு சாயலுள்ள மஞ்சள் ஒன்று, கிரிம்சன், அல்ட்ராமரின் புளூ, பிரஷியன் புளூ, பர்ன்ட் சியன்னா. இந்த ஆறு போதும்.

* அல்ட்ராமரின் + பர்ன்ட் சியன்னா = பாறைச் சாம்பல். பசுமலை, திருப்பரங்குன்றம் எல்லாம் இதில்தான்! கருப்பு வாங்கும் செலவும் மிச்சம்.
* லெமன் எல்லோ + பிரஷியன் புளூ = வாழைக் குருத்துப் பச்சை.
* அதே பச்சையில் பர்ன்ட் சியன்னா துளி சேர்த்தால் முற்றின வேப்பிலை.

கலக்குவதற்கு வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று போதும்.

4. தண்ணீர்

இரண்டு டப்பா வையுங்கள். ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று நிறம் கலக்க. போர் தண்ணி உப்பாக இருந்தால் வேண்டாம், குடிதண்ணியில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீட்டிப் பார்ப்போமா?

மாடக்குளம் கண்மாய், பின்னால் மலை, இதையே எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: பென்சிலால் லேசாக வரையுங்கள். கொக்கு நிற்கும் இடத்தை இப்போதே முடிவு செய்யணும், ஏனென்றால் பின்னால் வெள்ளை வைக்க முடியாது! அந்த இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் நிறம் ஒட்டாது.

இரண்டாம் படி: அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துச் சாய்வாக்குங்கள். வானம் முழுக்க வெறும் தண்ணி பூசி, ஈரம் மின்னும்போதே மேலிருந்து நீலத்தை இறக்குங்கள். கீழே வர வரத் தண்ணியைக் கூட்டுங்கள். மேகம் வேணுமா? பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

மூன்றாம் படி: காத்திருங்கள். இதுதான் கஷ்டமான படி! புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. பாதி காய்ந்த நிலையில் தண்ணி பட்டால், அது நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி காலிஃபிளவர் மாதிரித் திட்டு விழும்.

நான்காம் படி: காய்ந்ததும் மலை. தூரத்து மலைக்குத் தண்ணியும் நீலமும் அதிகம், பக்கத்து மலைக்குப் பழுப்பு அதிகம். தூரம் தானாகத் தெரியும்.

ஐந்தாம் படி: கண்மாய்த் தண்ணி. மலையின் நிழலை மேலிருந்து கீழாக, ஈரத்தில் தீட்டுங்கள். அது காய்ந்தபின், நிறம் தொட்ட பிரஷைத் துணியில் ஒற்றி, கிடைவாக்கில் லேசாக இழுத்தால், தாளின் மேடு மட்டும் நிறம் பிடிக்கும். விட்டுப்போன வெள்ளைப் புள்ளிகள் வெயிலில் மின்னும் அலை!

கடைசியாகக் கரையில் கருவேலம், பனை எல்லாம் அடர்த்தியாக. வெளிர் முதலில், அடர் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மதுரை வெயிலுக்குச் சில குறிப்புகள்

* சித்திரை வெயிலில் வானம் பாதி தீட்டும்போதே காய்ந்துவிடும். காலை எட்டு மணிக்குள் தீட்டுங்கள், ஃபேனை நிறுத்துங்கள்.
* கலக்கும் தண்ணியில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டால் மெதுவாகக் காயும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். அதிகம் விட்டால் பிசுபிசுக்கும்.
* ஐப்பசி மழையில் நேர்மாறு. காத்திருக்கும் நேரத்தில் இரண்டு படம் மாற்றி மாற்றித் தீட்டலாம்.
* முடிந்த படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். கிரிம்சன் போன்ற சில சிவப்புகள் வெளிறிவிடும்.
* பிரஷைக் கழுவி, நுனியைச் சேர்த்து, படுக்கவைத்துக் காய வையுங்கள். டப்பாவுக்குள் தலைகீழாக நிற்கவைத்தால் முடி வளைந்துவிடும்.

நண்பர்களே, "எனக்கு வராது" என்று சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நல்ல தாளில் தீட்டிப் பாருங்கள். இந்தக் காலாண்டு விடுமுறையில் உங்க தெரு, உங்க வீட்டு வேப்பமரம், கண்மாய்க் கரை, எதையாவது வரைந்து, பின்பக்கம் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். இருபது வருஷம் கழித்து அந்த இடம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், காட்ட உங்களிடம் ஒரு படம் இருக்கும். விடுமுறை முடிந்து வரும்போது கொண்டு வாருங்கள், அடுத்த இதழில் இதே பகுதியில் ஒட்டுவோம்!