ஓட்டில் பதிந்த சூடு

வெப்பமானி என்ற கருவியே இல்லாத கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில், செந்நிற உடலும் கருநிறப் பளபளப்பும் கொண்ட கலங்களை ஏதென்ஸ் குயவர்கள் எவ்வளவு சூட்டில் சுட்டனர் என்பதற்கு, உடைந்த ஓட்டின் உட்கூறே இன்று சான்றாகக் கொள்ளப்படுகிறது. சூளையில் களிமண் வேகும்போது அதிலுள்ள கனிமங்கள் சில சிதைந்து, வேறு சில பிறக்கின்றன; ஆறிய பின் பழைய நிலைக்குத் திரும்பாத மாற்றங்களே ஆய்வுக்கு உதவும். 573 பாகை செல்சியஸில் படிக அமைப்பு மாறும் குவார்ட்சு, குளிர்ந்ததும் முன்போலாகிவிடுவதால் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகாவின் மண்ணைப் போலச் சுண்ணாம்பு கலந்த களிமண்ணிலோ, ஏறத்தாழ 850 பாகையைத் தாண்டியதும் கெலனைட், டயாப்சைடு போன்ற புதிய கனிமங்கள் தோன்றி நிலைத்துவிடுகின்றன. ஓட்டைப் பொடியாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்தினால், ஒவ்வொரு படிகமும் தனக்குரிய கோணங்களில் கதிரைச் சிதறடிப்பதால் அவை இன்னவை என அடையாளம் காணலாம்.

ஆனால் கடுஞ்சூட்டில் சிதைந்துவிடும் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் மிஞ்சியிருப்பதைக் கண்டதும் குறைந்த சூடு என்று முடிவு கட்டுவது தவறாகலாம். ஏனெனில் புதைந்து கிடந்த காலத்தில் நிலத்தடி நீர் அதை ஓட்டின் நுண்துளைகளில் புதிதாகப் படியவைத்திருக்கக் கூடும். இத்தகைய ஐயத்துக்கு இடங்கொடாத வேறொரு வழியை ஆய்வாளர் மைக்கேல் டைட் 1969இல் விளக்கினார். ஓட்டுத் துண்டு ஒன்றை மீண்டும் சூடாக்கினால் அது முதலில் விரிகிறது. பழைய சூளையின் உச்சச் சூட்டை எட்டிக் கடக்கையில், அன்று பாதியில் நின்ற துகள்களின் இறுக்கம் மறுபடி தொடங்கித் துண்டு சுருங்குகிறது. நீண்ட நேரம் எரிந்த மிதமான தீயும் சற்று நேரம் எரிந்த கடுந்தீயும் ஒரே விளைவைத் தரக்கூடுமாதலால், கிடைக்கும் எண்ணைத் துல்லியமான அளவாகக் கொள்வது பொருந்தாது.

ஏதென்ஸ் கலங்களில் நிறமே ஒரு சான்றாக அமைவதுதான் வியப்பு. காற்றோட்டத்தை அடைத்து, ஏறத்தாழ 900 பாகையில் புகைமூட்டத்தில் சுடும்போது களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு முழுதும் கருக்கிறது. நுண்ணிய களிக்குழம்பால் ஆன மேற்பூச்சு மட்டும் உருகிக் கண்ணாடியாக இறுகுகிறது. பின்னர் காற்றைத் திறந்துவிட்டால், நுண்துளையுள்ள உடல் மீண்டும் சிவக்க, இறுகிய பூச்சோ கருமையிலேயே நின்றுவிடுகிறது. சூடு போதாவிடில் பூச்சும் சிவந்துவிடும். மிஞ்சினால் உடலும் இறுகிக் கருத்தே இருக்கும்.

அந்தக் குறுகிய இடைவெளியை அறியக் குயவர்கள், உடைந்த கலங்களில் துளையிட்டு வெட்டிய சோதனைத் துண்டுகளைச் சூளைக்குள் வைத்து, இடையிடையே கொக்கியால் வெளியே இழுத்துப் பார்த்தனர். ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவின் அகழாய்வில் அவை கிடைத்துள்ளன.