ஒரே சுவிட்சுக்குள் பல வலையமைப்புகள்

நெட்வொர்க் சுவிட்ச் தனக்கு வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்பிய கருவியின் மேக் முகவரியைப் பார்த்து, அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பிறகு அந்த முகவரிக்கு வரும் ஃபிரேம் அந்தப் போர்ட்டுக்கு மட்டுமே போகும். அட்டவணையில் இல்லாத முகவரிக்கு வருவதும், எல்லோருக்குமான பிராட்காஸ்ட்டும் அப்படியல்ல. வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் போகும். ஐபி முகவரி கேட்கும் டிஹெச்சிபி, மேக் முகவரி தேடும் ஏஆர்பி இரண்டும் இப்படிக் கூவித்தான் காரியம் சாதிக்கின்றன. கருவிகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் இந்தக் கூச்சலே சுமையாகிவிடும். சம்பளக் கணக்கு இருக்கும் கணினியும் விருந்தினரின் கைபேசியும் ஒரே கூட்டத்தில் கிடப்பது ஆபத்தும்கூட.

பிரிவுக்கு ஒரு சுவிட்ச் வாங்கலாம், செலவு தாங்காது. அந்தப் பிரிவினையை அமைப்பு மாற்றத்திலேயே செய்துவிடுவதுதான் விலேன். 24 போர்ட் சுவிட்சில் முதல் 12 போர்ட்டுகளை விலேன் 10 என்றும் மற்றவற்றை விலேன் 20 என்றும் வைத்தால், முகவரி அட்டவணையும் விலேன்வாரியாகப் பிரிந்துவிடும். 10இல் எழும் பிராட்காஸ்ட் 20ஐ எட்டாது. இத்தகைய ஆக்சஸ் போர்ட்டில் இருக்கும் கணினிக்குத் தான் எந்த விலேனில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

இரண்டு சுவிட்சுகளை ஒரே கேபிளால் இணைக்கும்போதுதான் சிக்கல். அதில் வரும் ஃபிரேம் யாருடையது? 1998இல் வெளிவந்த 802.1க்யூ தரநிலை இதற்கு விடை சொன்னது. டிரங்க் எனப்படும் அந்த இணைப்பில் போகும் ஃபிரேமில், அனுப்புநர் முகவரியை அடுத்து 4 பைட் கொண்ட டேக் செருகப்படுகிறது. அதனால் ஃபிரேமின் உச்ச அளவு 1518 பைட்டிலிருந்து 1522 ஆகிறது. டேக்கில் 12 பிட் விலேன் எண்ணுக்கு. 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 4094 விலேன்கள் கிடைக்கின்றன. 3 பிட் முன்னுரிமைக்கு. ஐபி தொலைபேசியின் பேச்சு திக்காமல் போக இது உதவும். மறுமுனையில் ஆக்சஸ் போர்ட் வழியாக வெளியேறும்போது டேக் நீக்கப்படும்.

டேக் இல்லாமல் டிரங்குக்கு வரும் ஃபிரேம் 'நேட்டிவ்' விலேனில் சேரும். பல சுவிட்சுகளில் அது 1 என்றே விடப்பட்டிருக்கும். இந்த அலட்சியம்தான் ஓட்டை. நேட்டிவ் விலேனில் இருக்கும் ஒருவர் இரண்டு டேக் பதித்து அனுப்பினால், முதல் சுவிட்ச் வெளி டேக்கை உரித்துவிடக்கூடும். அடுத்தது உள்டேக்கை நம்பி வேறு விலேனுக்குள் விடும். பதில் திரும்பாது என்றாலும் தீங்கு செய்ய அது போதும். யாரும் பயன்படுத்தாத எண்ணை நேட்டிவ் ஆக்குவது வழக்கமான தீர்வு.

விலேன்களுக்கிடையே தகவல் போக ரூட்டரோ மூன்றாம் அடுக்கு சுவிட்சோ வேண்டும். யார் யாருடன் பேசலாம் என்ற விதிகளை அங்கேதான் எழுத முடியும். விதி எழுதாமல் ரூட்டிங்கை மட்டும் திறந்துவிட்டால் பிரித்த பயன் பாதி போய்விடும். பிரிவதும் போக்குவரத்து மட்டுமே, கேபிளின் கொள்ளளவு அல்ல: ஒரு விலேனின் பெரிய பேக்கப் டிரங்கை அடைத்தால் மற்றவையும் திணறும்.