சோதனைக் காப்பாளர் (ரோயல் சொசைட்டி)

சோதனைக் காப்பாளர் என்பது, லண்டன் ரோயல் சொசைட்டியின் வாராந்தக் கூட்டங்களில் உறுப்பினர் முன்னிலையில் செய்துகாட்டப்படும் சோதனைகளை ஏற்பாடு செய்தவரின் பதவிப் பெயராகும். இன்றைய அறிவியல் கழகங்களின் நிகழ்ச்சி மேலாளருக்கு இவரை முன்னோடியாகக் கொள்ளலாம். ஆயினும் கருவிகளை அமைப்பதும் சோதனையை நடத்துவதும் இவருடைய பொறுப்பாகவே இருந்தன.

1660 இல் தோன்றிய இக்கழகம், 1662 நவம்பரில் ரொபர்ட் ஹூக்கை இப்பதவிக்கு அமர்த்தியது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று அல்லது நான்கு குறிப்பிடத்தக்க சோதனைகளை அவர் ஆயத்தம் செய்யவேண்டும். கழகத்திடம் பணம் சேரும்வரை ஊதியம் எதிர்பார்க்கலாகாது. கிழமைதோறும் இதனை நிறைவேற்றுவது தனி ஒருவரால் எளிதில் இயலக்கூடியதன்று.

1663 இல், கூட்டந்தோறும் நுணுக்குக்காட்டி அவதானிப்பு ஒன்றையாவது கொண்டுவருமாறு அவர் பணிக்கப்பட்டார். தக்கையின் நுண்ணறைகள் இவ்வாறே உறுப்பினருக்குக் காட்டப்பட்டன. 1665 இல் வெளியான மைக்ரோகிராபியா என்னும் நூல் பெரிதும் இக்கடமையின் விளைவே எனலாம்.

அவருக்கு ஆண்டுக்கு 80 பவுண் வழங்க முதலில் எண்ணப்பட்டது. ஜோன் கட்லர் என்னும் வணிகர், ஹூக்கின் விரிவுரைகளுக்காக ஆண்டுதோறும் 50 பவுண் தருவதாக வாக்களிக்கவே, கழகம் தன் பங்கை 30 பவுணாகக் குறைத்துக்கொண்டது. 1665 ஜனவரியில் பதவி வாழ்நாள் பதவியாக உறுதிசெய்யப்பட்டது. கட்லரோ பணத்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை. வழக்குத் தொடுத்த ஹூக்குக்கு 1696 இலேயே சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. கட்லர் இறந்து அப்போது மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

பிற்காலத்தில் டெனிஸ் பாப்பின், பிரான்சிஸ் ஹோக்ஸ்பி, டெசாகுலியர்ஸ் ஆகியோர் இப்பணியை ஆற்றினர்.