எதிர்ப்பு சக்தி எல்லை மீறினால்...

இம்யூனோதெரபி ஊசி போட்டுக்கொண்ட புற்றுநோயாளிகள் சிலர் எங்களிடம் தாமதமாக வந்து சேரும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கிறது. ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, சக்கர நாற்காலியில் வருவார்கள். கூட வந்தவர் மருந்துக்கடைக் கவரைப் பிரித்துக் காட்டுவார். அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்த லோபரமைடு நான்கு, மெட்ரோனிடசோல் ஆறு. "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சோம் டாக்டர்." ஊசி போட்டதைக் கடைக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டால், "அது கேன்சருக்குப் போட்டது, இதுக்கு எதுக்கு?" என்பார்.

வயிற்றுப்போக்குக்கு அந்த ஊசியே காரணமாக இருக்கலாம்.

பிரேக்கை விலக்கும் மருந்து

எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களின் மேல் பி.டி.-1 என்றொரு புரதம் இருக்கிறது. டி செல்கள் வெறிகொண்டு சொந்த உறுப்புகளையே தாக்காமல் பிரேக் போடுவது அதன் வேலை. பல புற்றுநோய்கள் இந்தப் பிரேக்கை அழுத்தியே தப்பித்துக்கொள்கின்றன. இந்தப் புரதத்தை 1992இல் அறிவித்தது கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம். இன்னொரு பிரேக்கான சி.டி.எல்.ஏ.-4 புரதத்தை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும் ஹோன்ஜோவும் 2018இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஊசிகள் பி.டி.-1ஐ மறிக்கின்றன. டி செல்கள் புற்றைத் தாக்குகின்றன. சிலருக்குக் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, பிட்யூட்டரி ஆகியவற்றையும், அரிதாக இதயத் தசையையும் தாக்கிவிடுகின்றன.

நம்பவே கூடாத ஐந்து

"இது கீமோ இல்லை, பக்கவிளைவு கிடையாது." முடி கொட்டாது, வாந்தி குறைவு. அதனால் பக்கவிளைவே இல்லை என்றாகிவிடாது. வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். இருமல் டானிக் அதைத் தீர்க்காது. நெஞ்சு அழுத்தத்தை வாயு என்று நினைத்து ஜெலுசில் குடிப்பவர்களை என்ன சொல்வது? இதயத் தசை அழற்சி உயிரையே பறிக்கும். எழுந்திருக்க முடியாத சோர்வை எல்லாம் கேன்சரின் தலையில் கட்டாதீர்கள். தைராய்டோ அட்ரினலோ படுத்திருக்கலாம்.

"ஊசியை நிறுத்தி மாதக்கணக்காகிறது." ஆகட்டும். கடைசி ஊசிக்குப் பல மாதங்கள் கழித்தும் இந்த அழற்சி வரும்.

"குறைந்த டோஸ்தானே!" தலை, கழுத்துப் புற்றுநோயில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாப் மற்ற மருந்துகளோடு சேர்க்கப்பட்டது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தது. ஏழைகளுக்கு இது பெரும் வரம். ஆனால் இந்தச் சிறிய அளவே பி.டி.-1ஐ மறிக்கப் போதும் என்பதால்தான் அது வேலை செய்கிறது. ஆகவே எச்சரிக்கையிலும் குறை வைக்கக் கூடாது.

"கூடவே எதிர்ப்பு சக்திக்குக் கஷாயம் குடித்தால் இன்னும் நல்லது." தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே பிரேக் விலகிய டி செல்களை எதற்கு மேலும் தூண்டிவிடுகிறீர்கள்? கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை விடாமல் குடித்த சிலருக்கு, எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் பாதிப்பு வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மஞ்சள் காமாலையோடு வருபவரிடம் காரணம் ஊசியா கஷாயமா என்று தேடுவதிலேயே நாட்கள் போய்விடும்.

"ஸ்டீராய்டு கெடுதல், ஊசியின் பலனை அழித்துவிடும்." இந்த அழற்சியை அடக்கும் முதல் மருந்தே அதுதான். முகம் உப்புகிறது என்று பாதியில் நிறுத்தினால் அழற்சி திரும்பும். அட்ரினல் நெருக்கடியும் வரலாம். நாலு முதல் ஆறு வாரமாவது படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதுவும் நாங்கள் எழுதித் தரும் கணக்குப்படி. ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், கேட்காமல் விழுங்காதீர்கள். சிகிச்சை தொடங்கும் சமயத்தில் அதை எடுத்தவர்களுக்கு ஊசியின் பலன் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

பரிசோதனைகள்

இந்தப் பாதிப்புகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை ரத்தப் பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் செய்துவிடுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாகப் போனாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, புதிதாக இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, கண் இமை தொங்கல், அடங்காத தாகம், அடர்மஞ்சள் நிறச் சிறுநீர் என்று எது வந்தாலும் அன்றைக்கே எங்களைக் கூப்பிடுங்கள். நடுராத்திரியானாலும் தயங்க வேண்டாம். ஊசியின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மணிபர்சில் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரிசெய்துவிடலாம். மருந்துக்கடை வழியாகச் சுற்றி வராதீர்கள், நேராக வாருங்கள்.