பொதுவழியில் உதவி கேட்பது எப்படி?

பழைய தோட்டங்களில் பெரட்டுக் களத்தின் ஓரமாக ஒரு மணியோ தண்டவாளத் துண்டோ தொங்கிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் அது ஒலித்தால் வேலைக்கு ஆள் கூடும். வேளை தவறி ஒலித்தால், லயத்தில் தீ, ஆற்றில் வெள்ளம், பிள்ளையைக் காணோம் என்று ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று பொருள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடி வருவார்கள். அந்த மணியைப் பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டினால் பெரியவர்கள் சும்மா விட்டதில்லை. வீணாக ஒலித்துப் பழகிய மணிக்கு, வேண்டிய நேரத்தில் யாரும் ஓடி வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்று மணி இருந்த இடத்தில் கைப்பேசி வந்திருக்கிறது. லயத்துக்கு ஒன்று, பள்ளிப் பெற்றோருக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று புலனக் குழுக்கள் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு ஒருவர், "மோட்டார் ஓடவில்லை, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்கிறார். அதற்குக் கீழே ரோஜாப் பூவுடன் காலை வணக்கம் வருகிறது. அடுத்து இன்னொரு ரோஜாப் பூ. "எந்த மோட்டார்?" என்று ஒருவர் கேட்கிறார். "எங்கள் வீட்டிலும் இப்படித்தான் போன மாதம்" என்று ஒருவர் கதை தொடங்குகிறார். பிறகு ஒரு பக்திப் பாட்டு, ஒரு வதந்தி, மறுபடியும் பூ. மோட்டாரைப் பற்றி உண்மையில் தெரிந்த மனிதர் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். ஆனால் தொல்லை பொறுக்காமல் ஒலியை அடைத்துவிட்டார். கேட்டவர் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் வேலைக்குப் போகிறார்.

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பும்போது நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையே 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறதல்லவா? நமக்கு வேண்டிய குரலும் அந்த இரைச்சலும் ஒரே வழியாகத்தான் வருகின்றன. குரல் மெலிந்து இரைச்சல் மிகுந்தால், பேசுபவர் எவ்வளவு நல்ல செய்தி சொன்னாலும் பயனில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் எந்த வழிக்கும் இது பொருந்தும். இதைக் கப்பற்காரர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1912 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு. டைட்டானிக் கப்பல் அட்லாண்டிக் கடலில் சென்றுகொண்டிருந்தது. அதன் கம்பியில்லாத் தந்தி அறையில் ஜாக் பிலிப்ஸ் என்னும் 25 வயது இளைஞர் அமர்ந்திருந்தார். அவருடைய கருவி முந்திய நாள் பழுதுபட்டு, பல மணி நேரம் போராடிய பிறகே சரியானது. ஆகவே பயணிகள் ஊருக்கு அனுப்பக் கொடுத்த தந்திகள் குவிந்து கிடந்தன. நியூபவுண்ட்லாந்தில் உள்ள கேப் ரேஸ் நிலையம் எட்டும் தூரத்தில் கிடைத்ததும், அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார். நலம், வருகிறோம், வரவேற்க வாருங்கள் என்பன போன்ற சொந்தச் செய்திகளே அவற்றில் மிகுதி.

இரவு 11 மணியளவில், அதிகத் தொலைவில் இல்லாத கலிபோர்னியன் என்னும் கப்பலிலிருந்து சிரில் எவன்ஸ் என்னும் 20 வயது இளைஞர் குறுக்கிட்டார். பனிக்கட்டி எங்களைச் சூழ்ந்துவிட்டது, கப்பலை நிறுத்திவிட்டோம் என்பது அவர் சொல்ல வந்த செய்தி. அக்காலத்தில் கப்பல் தலைவரிடம் சேர்க்க வேண்டிய செய்திக்கு முன்னால் ஒரு தனி அடையாளம் இடும் வழக்கம் இருந்தது. அந்த அடையாளத்தைக் கேட்டால், தந்தியாளர் கையில் உள்ளதை வைத்துவிட்டு எழுதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். எவன்ஸ் ஒரு தோழனிடம் பேசுவதுபோல் பேச்சைத் தொடங்கினார். கப்பல் அருகில் இருந்ததால் அவருடைய ஒலி பிலிப்ஸின் காதைத் துளைத்தது. கேப் ரேஸ் பேசுவது கேட்காமல் போயிற்று. பேசாமலிரு, நான் வேலையாக இருக்கிறேன் என்ற பொருளில் பிலிப்ஸ் பதில் அடித்தார். எவன்ஸ் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கருவியை நிறுத்திப் படுக்கப் போய்விட்டார். அந்தக் கப்பலில் அவர் ஒருவரே தந்தியாளர். அவர் உறங்கினால் கப்பலுக்கே காது இல்லை.

11.40 க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. நள்ளிரவுக்குப் பின் பிலிப்ஸ் உதவி கேட்டு அழைத்தபோது, கலிபோர்னியனில் கேட்க ஆளில்லை. தொலைவில் இருந்த கார்பாத்தியா கப்பலின் தந்தியாளர் ஹரால்ட் கோட்டம் படுக்கப் போகும் வேளையிலும் காதுக்கருவியைக் கழற்றாமல் இருந்ததால் செய்தி கிடைத்தது. அக்கப்பல் விரைந்து வந்து எழுநூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டது. ஏறத்தாழ 1500 பேர் மாண்டனர். பிலிப்ஸும் அவர்களுள் ஒருவர். தண்ணீர் ஏறும்வரை அவர் கருவியை விட்டு எழவில்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? பிலிப்ஸ் சோம்பேறி அல்லர், ஓய்வின்றி உழைத்தவர். எவன்ஸ் தன் தலைவர் சொன்னபடி நல்லெண்ணத்தோடு எச்சரிக்க வந்தவர். இருவருமே நல்ல பிள்ளைகள். ஒருவர் முக்கியமான செய்தியை முக்கியமானது என்று தெரியும்படி சொல்லவில்லை. மற்றவருக்கோ, முக்கியமில்லாத செய்திகளின் சுமையில் காது நிரம்பியிருந்தது. காலை வணக்கப் பூ அனுப்புகிறவர்களும் நல்லவர்கள்தாம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், பொழுதுபோக்காக வானொலி வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே அலையில் நுழைந்தார்கள். பயணிகள் அனைவரும் பிழைத்துவிட்டார்கள், கப்பலை ஹாலிபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்து வருகிறார்கள் என்று அன்று சில நாளிதழ்கள் அச்சிட்டன. அனைவரும் நலமா என்று ஒருவர் கேட்ட கேள்வியும், வேறொரு கப்பல் இழுத்து வரப்படுவதைப் பற்றிய செய்தியும் கலந்து அப்படி ஆயிற்று என்று கருதப்படுகிறது. அதே 1912 ஆம் ஆண்டில் அமெரிக்கா, உரிமம் இல்லாமல் யாரும் வானொலியில் பேசக் கூடாது என்று சட்டம் செய்தது.

பிறகு வந்த ஒரு வழக்கம் நமக்கு மிகவும் பிடித்தது. கப்பல்களின் தந்தி அறைச் சுவர்க் கடிகாரத்தில், 15 முதல் 18 நிமிடம் வரையும், 45 முதல் 48 நிமிடம் வரையும் சிவப்பு வண்ணம் தீட்டியிருப்பார்கள். முள் அந்தச் சிவப்பைத் தொட்டதும், ஆபத்துக்கால அலைவரிசையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். மணிக்கு இருமுறை, மும்மூன்று நிமிடம், கடலெங்கும் அமைதி. எங்கோ ஒரு சிறு கப்பல், மின்கலம் தீர்ந்துபோகும் நிலையில் மெல்லிய குரலில் அழைத்தால் அது கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த அமைதி. மலாக்கா நீரிணை வழியே போன கப்பல்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். துணைக்கோள் வழியாகத் தானே இயங்கும் கருவிகள் 1999 இல் முழுமையாக இடம்பிடித்த பின் இவ்வழக்கம் மறைந்தது.

தரையிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. 1935 நவம்பரில் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிரில் இருந்தவர் தீயணைப்புப் படையை அழைத்தபோது, தொலைபேசி நிலையத்தில் மற்ற அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்திருந்தது. அவர் நாளிதழுக்கு எழுதினார், விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30 இல் லண்டனில் 999 என்னும் அவசர எண் தொடங்கியது. அந்த எண்ணைச் சுழற்றினால் நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும். மற்றதை விட்டுவிட்டு அதை எடுப்பார்கள். நம் நாட்டிலும் காவல், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் இன்று 999 தான். விளையாட்டு அழைப்புகள் அதை அடைத்துக்கொள்கின்றன என்று அதிகாரிகள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். பழைய பெரட்டு மணியைத் தட்டிய பிள்ளைக்காவது யாராவது காதைத் திருகினார்கள்.

தோட்டத்திலிருந்து 999 ஐ அழைப்பவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. அழைப்பை எடுப்பவர் நம் தோட்டத்தைப் பார்த்தே இருக்கமாட்டார். நாம் தலைமுறையாக ஒரு தமிழ்ப் பெயரால் அழைக்கும் தோட்டத்துக்குச் சாலையோரப் பலகையில் வேறு பெயர் இருக்கும். "கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது லயம்" என்றால் நமக்குப் புரியும். வண்டி ஓட்டுபவருக்குப் புரியாது. உள்ளே வந்துவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி செம்பனை. ஆகவே பலகையில் உள்ள பெயர், டிவிசன், எந்தப் பெருஞ்சாலையிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும், இரவில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். பாம்பு கடித்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அந்த நேரத்தில் இவை நினைவுக்கு வாரா. அழைத்தவர் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்பதைப் பிறகு. எடுத்தவர் போதும் என்று சொல்லும்வரை வைத்துவிடக் கூடாது. இன்னொருவர் கைவிளக்கோடு முச்சந்தியில் போய் நிற்கட்டும்.

இனி அந்த மோட்டாருக்கு வருவோம். பட்டறைக்கு அழைக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது:

"தம்பி, மோட்டார் கெட்டுப்போச்சுப்பா."

"என்னக்கா ஆச்சு?"

"நேத்து நல்லாத்தான் ஓடுச்சு. கொஞ்சம் வந்து பாரேன்."

"சத்தம் வருதாக்கா?"

"என்னமோ உறுமுது. சுத்தத்தான் மாட்டேங்குது."

"ஐயோ, முதல்ல சுவிட்ச அடைங்கக்கா!"

முதலில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி கடைசியில் வந்தது. சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை என்றால், பெரும்பாலும் மின்சாரம் மோட்டாருக்கு வந்து சேரவில்லை. உறுமுகிறது, சுற்றவில்லை என்றால், கெபாசிட்டர் போயிருக்கலாம் அல்லது உள்ளே ஏதோ சிக்கியிருக்கலாம். அப்படியே விட்டால் சுருள் எரிந்துவிடும். நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம் அல்லது அடியிலுள்ள வால்வு பிடிக்காமல் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வேறு வைத்தியம்; கொண்டுவர வேண்டிய சாமானும் வேறு. 'கெட்டுப்போச்சு' என்ற சொல் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. என்ன பொருள், என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, நாம் எதைத் தொட்டோம் என்பதைச் சொன்னால் போதும். குறிப்பாகக் கடைசியில் உள்ளதை மறைக்கக் கூடாது. மூத்த மகன் திருப்புளியோடு உட்கார்ந்து அரை மணி நேரம் ஆராய்ச்சி செய்திருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். பட்டறைக்காரர் சிரிப்பார், ஆனால் வழி தெரிந்துகொள்வார்.

பொதுக் குழுவில் கேட்டாலும் இதே முறைதான். அங்கே படிப்பவர் ஐம்பது பேர் என்றால், அரைகுறைக் கேள்வி ஐம்பது பேருடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. பதில் சொல்பவர்களுக்கும் ஒரு முறை உண்டு. தெரியாதவர் பேசாமலிருப்பதே பெரிய உதவி. 'எனக்கும் தெரியாது' என்று பத்துப் பேர் எழுதினால், தெரிந்தவருடைய ஒரு வரி அடியில் போய்விடும். முதல் தடவை கேட்பவரைக் கேலி செய்வது அதைவிடக் கெடுதல். ஒரு முறை சிரிப்புக்கு ஆளான தாய், அடுத்த முறை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வாய் திறக்கமாட்டாள். அந்த மௌனம் சிவப்புக் கடிகாரத்தின் மௌனம் அன்று. கேலி செய்பவர் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவராகவே இருப்பது இன்னொரு வேடிக்கை. கற்றவருக்குப் பொறுமை கூட இருக்க வேண்டாமா?

பழுது தீர்ந்த பிறகு நம்மில் பலர் கேள்வியை மறந்துவிடுகிறோம். நன்றி என்று நாற்பது பேர் கைகூப்ப வேண்டியதில்லை; கேட்டவர் ஒருவர் திரும்பி வந்து, "கெபாசிட்டர்தான் போயிருந்தது, மாற்றியதும் ஓடுகிறது" என்று எழுதினால் போதும். அடுத்த மாதம் இன்னொரு வீட்டு மோட்டார் உறுமும்போது, அந்த வீட்டுக்காரர் மேலே தேடிப் பார்த்து, யாரையும் கேட்காமலே முதலில் சுவிட்சை அடைத்துவிடுவார்.