மாநகராட்சிப் பள்ளியில் யாரைக் கேட்பது?

சென்னையில் சொந்த வீடு உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பகுதி இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் தாயோ தகப்பனோ யாருடைய தயவையும் கேட்டுப் போகவில்லை. பள்ளி அலுவலக வாசலில் தயங்கித் தயங்கி நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இந்தப் பள்ளிகளின் வரலாறும் பெருமைக்குரியது. 1920 செப்டம்பரில், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்பது நிபந்தனை. தொடக்கக் கல்விக்கான நிதியை இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. ஆனால் பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தது ஓர் உள்ளாட்சி மன்றம். காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

நகரம் வளர வளரப் பள்ளிகளின் நிர்வாகம் சிக்கலாகிவிட்டது. 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, 200 வார்டுகள், 15 மண்டலங்கள் என்றானது. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர், சோழிங்கநல்லூர் எல்லாம் சென்னைக்குள் வந்தன. அங்கிருந்த அரசுப் பள்ளிகளோ பள்ளிக் கல்வித் துறையின் கையிலேயே இருந்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான் அவற்றில் 139 பள்ளிகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று மாநகராட்சி நடத்தும் பள்ளிகள் நானூறுக்கும் மேல். பெயர்ப் பலகையில் ‘சென்னை தொடக்கப் பள்ளி’, ‘சென்னை மேல்நிலைப் பள்ளி’ என்று ஊர்ப் பெயர் முன்னால் நின்றால் பெரும்பாலும் அது மாநகராட்சிப் பள்ளி.

இந்தப் பள்ளிகளுக்கு எஜமானர்கள் இரண்டு பேர். கட்டடம், கழிப்பறை, குடிநீர், துப்புரவுப் பணி, ஆசிரியர் இடமாற்றம் எல்லாம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் பொறுப்பு. அங்கே துணை ஆணையர் (கல்வி), அவருக்குக் கீழே கல்வி அலுவலர், உதவிக் கல்வி அலுவலர்கள். பாடநூல், பொதுத் தேர்வு, மாணவர் விவரமெல்லாம் ஏறும் எமிஸ் இணையதளம் ஆகியவை பள்ளிக் கல்வித் துறைக்கு உரியவை. பழைய வழக்கத்தில் இன்னும் டி.பி.ஐ. என்றே எல்லோரும் சொல்லும் கல்லூரிச் சாலை வளாகம் அதன் தலைமையிடம். குறையோடு போகிறவர் இங்கே “அது டிபார்ட்மென்ட் சமாச்சாரம்” என்றும், அங்கே “கார்ப்பரேஷன்ல கேளுங்க” என்றும் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவது இதனால்தான். என் பார்வையில் நகரத்துப் பெற்றோருக்கு இருக்கும் பெரிய ஆபத்து இந்த அலைக்கழிப்பு. இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்தவர் மூன்றாம் நாள் போக மாட்டார்.

சட்டத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கடமைகளை 9ஆம் பிரிவில் உள்ளாட்சி அமைப்பின் மேல் நேரடியாக வைக்கிறது. அருகில் பள்ளி இருக்கச் செய்வது, கட்டடமும் ஆசிரியரும் தருவது, தன் எல்லைக்குள் உள்ள பிள்ளைகளின் பதிவேடு வைப்பது, இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது எல்லாம் அதில் வரும். சென்னையில் அந்த உள்ளாட்சி அமைப்பு மாநகராட்சி.

பிரச்சினை அதிகம் எழுவது சேர்க்கையில். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்துக்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது (14ஆம் பிரிவு). ஜூன் தாண்டிவிட்டது என்றும் மறுக்கக் கூடாது (15ஆம் பிரிவு). நடுவில் படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் (4ஆம் பிரிவு). மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. சான்றிதழைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது.

இருந்தும் இன்று சான்றிதழை விடப் பெரிய முட்டுக்கட்டை எமிஸ். பிள்ளைக்கு ஓர் எண் இருக்கும். பழைய பள்ளி அந்த எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி கணினியில் ஏற்ற முடியும். கட்டணப் பாக்கி இருக்கும் தனியார் பள்ளி விடுவிக்காமல் வைத்துக்கொள்கிறது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பதிவேட்டில் இருக்காது, புத்தகமும் சீருடையும் வராது. மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழிகள் உண்டு. அதற்காகப் பிள்ளையைப் பிணையாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை. “எமிஸ்ல விடுவிக்கலைம்மா” என்று சொன்னால் உதவிக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிக் கோரிக்கைக்குக் கணக்கு கிடையாது.

நகரின் ஓரத்துக்கு மாற்றப்படும் குடும்பங்கள் இதில் கூடுதலாக அடிபடுகின்றன. ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து கண்ணகி நகருக்கோ செம்மஞ்சேரிக்கோ போனால் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருப்பார்கள். பெரும்பாக்கம் போனால் செங்கல்பட்டு மாவட்டம். பதில் சொல்ல வேண்டிய அலுவலகமே மாறிவிடும். படிப்பாண்டின் நடுவில் இடம் மாற்றப்பட்டாலும் 5, 15ஆம் பிரிவுகள் இரண்டு மாவட்டத்துக்கும் பொது. வீட்டு ஒதுக்கீட்டு ஆணையின் நகலையும் பழைய பள்ளியின் வருகைச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும்.

இன்னொரு ஆபத்து பெற்றோரே அறியாமல் வரவழைத்துக்கொள்வது. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் சேர்த்தி. பொதுவான நிபந்தனை, 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பள்ளிப் படிப்பின் இதே ஏழாண்டுகளைத்தான் பார்க்கின்றன. இவ்விரண்டில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. “ஒரு வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல போட்டுப் பாப்போம்” என்று 8ஆம் வகுப்பில் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு மாற்றி, 9இல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடத்தில் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாற்றும் முன் இதை யோசியுங்கள். பிற்பாடு யோசித்துப் பயனில்லை.

வகுப்பில் அடிப்பது, மனத்தைப் புண்படுத்தும்படி பேசுவது இரண்டையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பாலியல் தொல்லை என்றால் அது பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயமே அல்ல. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098 இரவும் பகலும் இயங்கும்.

ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைவராக இருப்பவரும் ஒரு பெற்றோர்தான். கழிப்பறைக் கதவு உடைந்திருந்தாலும் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தாலும் அங்கே தீர்மானமாக எழுதி வைத்தால், அதைத் தட்டிக்கழிப்பது அதிகாரிக்கு எளிதல்ல. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரும் உறுப்பினர்களால் பள்ளிக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தனிக் குறை என்றால் 32ஆம் பிரிவு. உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் மனு கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம்; முடிவு சரியில்லை என்றால் அங்கேயே மேல்முறையீடு செய்யலாம். மனு நீளமாக இருக்க வேண்டாம். “என் மகளை 4ஆம் வகுப்பில் சேர்க்க இன்ன தேதியில் இந்தப் பள்ளிக்கு வந்தேன். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்க மறுத்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவின்படி சேர்த்துக்கொண்டு எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.” இது போதும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கட்டடம், தண்ணீர், துப்புரவு பற்றி 1913 என்ற மாநகராட்சி எண்ணிலும், படிப்பு பற்றிய சந்தேகங்களுக்கு 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை எண்ணிலும் கேட்கலாம். புகார் எண் தந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பதிலே வரவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, “என் மனு மேல் என்ன நடவடிக்கை?” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

9ஆம் வகுப்பிலிருந்து கல்வி உரிமைச் சட்டத்தின் கை எட்டாது. அங்கே அரசாணைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் துணை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மட்டும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் ஒரு பிள்ளை இருந்தால், அதன் பெற்றோருக்கு எழுதத் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். 32ஆம் பிரிவின்படி அந்தப் பிள்ளைக்காக யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். நீங்களும் கொடுக்கலாம்.