பூஜை அறைக்கு ஐம்பொன் சிலை: "பழசு"ன்னு சொன்னா உஷார்!



தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது சித்தி பையன் போன் பண்ணான். சிவகாசிக்காரன், இப்போ பெங்களூருல ஐ.டி. வேலை.

"அக்கா, 200 வருஷத்து ஐம்பொன் கிருஷ்ணர் ஒண்ணு வருது. ஒரு அடி உயரம், 1,20,000 ரூபா. அஞ்சு வருஷத்துல டபுள் ஆகும்னு சொல்றாங்க. பர்சனல் லோன் போட்டுடவா?"

"பில் தருவாங்களா?"

"பழைய சாமானுக்கு ஏதுக்கா பில்?"

அவன்கிட்ட அன்னைக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன். போனஸ் சீசன்ல இதே பேச்சு உங்க வாட்ஸ்அப்புக்கும் வரலாம்.

நகல் தப்பே இல்லை

நம்ம ஊருல பாதி வீட்டு பூஜை அறையில இருக்கிறது சிவகாசியில அச்சடிச்ச காலண்டர் சாமிதான். கும்பிடுறவங்களுக்கு அதுல ஒரு குறையும் இல்லை. இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதும் இல்லை. பழைய ரோமானியர் வீட்டுல 'லாராரியம்'னு ஒரு சின்ன சாமி மாடம் இருக்கும். அதுல 'லாரஸ்'னு வீட்டுக் காவல் தெய்வங்கள், கையடக்க வெண்கலச் சிலைகளா நிக்கும். கையில ஒரு கொம்புக் குவளையோட, ஆடுற மாதிரி இருக்கிற இளைஞன் உருவம். பாம்பேயி நகரத்தைத் தோண்டினப்போ இந்த மாடங்கள் வீடு வீடா கிடைச்சுது.

அந்தச் சிலைகளைப் பார்த்துக் கைவினைஞர்கள் இன்னைக்கும் நகல் வார்க்கிறாங்க. "இது நகல்"னு சொல்லியே விக்கிறாங்க. வாங்குறவர் கொடுக்கிறது உலோகத்துக்கும் கைவேலைக்கும் உள்ள விலை. அதுல ஏமாத்து எதுவும் இல்லை.

நம்ம சுவாமிமலையும் அப்படித்தான். கும்பகோணம் பக்கத்துல, காவிரிக்கரையில ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பு முறையில சிலை செய்றாங்க. தேன்மெழுகோட குங்கிலியம் சேர்த்து உருவம் பிடிப்பாங்க. மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவெச்சு சூடு பண்ணினா மெழுகு உருகி ஓடிடும். அந்த இடத்துல உலோகத்தை ஊத்தி, ஆறினதும் மண் அச்சை உடைப்பாங்க. அச்சு உடைஞ்சுட்டதால அதே அச்சுல இன்னொரு சிலை வராது. அப்புறம் உளி வெச்சு நகாசு வேலை, அதுக்கே நாள் கணக்குல ஆகும். சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு.

ஐம்பொன்னு சொன்னாலும் பெரும்பகுதி செம்புதான். தங்கமும் வெள்ளியும் சேர்த்தா துளி அளவுதான். "உள்ள தங்கம் இருக்கு சார்"ன்னு சொல்லி விலையை ஏத்தினா, எத்தனை கிராம்னு கேட்டு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க.

பழசுன்னா என்ன ஆகும்?

100 வருஷத்துக்கு மேல பழைய சிலை, 1972-ம் வருஷத்துச் சட்டப்படி 'தொல்பொருள்'. அதை வியாபாரமா விக்கிறவர்கிட்ட லைசென்ஸ் இருக்கணும். வெச்சிருக்கிறவர் தொல்லியல் துறையில பதிவு பண்ணியிருக்கணும். தனிநபர் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, மீறினா ஜெயில். இது எதுவும் இல்லாம கைமாறுற சிலை ஏதோ ஒரு கோயில்ல காணாமப் போனதா இருக்கலாம். அதைத் தேடறதுக்குன்னே தமிழ்நாடு போலீஸ்ல 1983-லிருந்து சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கு.

"நிலத்துல தோண்டும்போது கிடைச்சது"ன்னு கதை சொல்வாங்க. சிவகாசி பக்கத்துலயே வெம்பக்கோட்டையில 2022-லிருந்து அகழாய்வு நடந்ததால, நம்ம பக்கம் இந்தக் கதை எளிதா எடுபடும். ஆனா 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி அப்படிக் கிடைச்சதைக் கலெக்டருக்குத் தெரிவிச்சே ஆகணும். மறைச்சு விக்கிறது குற்றம்.

ஒரு உண்மைக் கதை சொல்றேன். கும்பகோணம் பக்கம் சிவபுரத்துல 1951-ல ஒரு பழைய நடராஜர் சிலை கிடைச்சுது. பழுது பார்க்க அனுப்பின இடத்துல, நகல் ஒண்ணு செஞ்சு கோயிலுக்கு அனுப்பிட்டு அசலை வித்துட்டாங்க. 1973-ல அமெரிக்காவோட நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை 9 லட்சம் டாலருக்கு வாங்குச்சு. அப்புறம் வழக்கு, சமரசம் எல்லாம் முடிஞ்சு 1986-ல சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்துது. அவ்வளவு பணமும் வக்கீலும் உள்ளவங்களாலயே வெச்சுக்க முடியலை. நம்மளால முடியுமா?

ஆக, தம்பிக்கு வந்த ஆஃபர்ல ரெண்டே வாய்ப்பு. சிலை நிஜமாவே பழசுன்னா சட்டச் சிக்கல். புதுசுன்னா விலையில ஏமாத்து. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் வாங்குறவருக்குத்தான்.

இனி கணக்கு

1,20,000 ரூபாயை 14% வட்டியில 3 வருஷத்துக்கு பர்சனல் லோனா எடுத்தா, இ.எம்.ஐ. மாசம் சுமார் 4,100. வட்டி மட்டும் சுமார் 27,600. அதாவது சிலை உங்க கைக்கு வர்ற விலை கிட்டத்தட்ட 1,47,600.

திரும்ப விக்கும்போது தங்கத்துக்கு இருக்கிற மாதிரி தினசரி ரேட் இதுக்குக் கிடையாது. கைவேலையோட மதிப்பு தெரிஞ்ச ஆளைத் தேடணும். கிடைக்கலைன்னா பழைய செம்பு விலைதான்.

வரியில பலருக்கும் தெரியாத ரெண்டு விஷயம்:

1. உங்க பைக், சோஃபா, ஃபிரிட்ஜை லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனா சிற்பமும் கலைப்பொருளும் அந்த விலக்குல வராது. 60,000-க்கு வாங்கின சிலையை 3 வருஷம் கழிச்சு 1,00,000-க்கு வித்தா, 40,000 லாபத்துக்கு 12.5%, அதாவது 5,000 ரூபாய் வரி. செஸ் தனி.

2. புதுமனை புகுவிழாவுக்கு ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து 60,000 ரூபாய்க்குச் சிலை பரிசளிச்சா, 50,000-ஐத் தாண்டிட்டதால முழு 60,000-மும் உங்க வருமானத்துல சேரும். சட்டம் சொல்ற உறவினர்கள் கொடுத்தாலோ, உங்க கல்யாணப் பரிசா வந்தாலோ வரி இல்லை.

அப்போ வாங்கவே கூடாதா?

தாராளமா வாங்குங்க, ஆனா சாமிக்காக வாங்குங்க. முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க. வாங்கும்போது:

- பில்லுல எடை, உலோகம், உயரம், "புதிய வார்ப்பு" எல்லாம் இருக்கணும்.
- அலமாரியில அச்சு மாறாம பத்து கிருஷ்ணர் நின்னா, "கைவேலையா, ஃபேக்டரி வார்ப்பா?"ன்னு கேளுங்க. ரெண்டுக்கும் விலை வேற.
- கனமான வார்ப்பா, உள்ள கூடா? கேட்டுட்டு எடை போட்டுப் பாருங்க.
- சுவாமிமலை ஸ்தபதிகள்கிட்டயோ அரசோட பூம்புகார் கடையிலயோ விலை விசாரிச்சுட்டு முடிவெடுங்க.
- வெளிநாட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா, இது தொல்பொருள் இல்லைன்னு தொல்லியல் துறை தர்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிடுங்க. ஏர்போர்ட்ல நின்னுட்டு விளக்க முடியாது.
- லோன் வேண்டாம். கையில இருக்கிற பணத்துல எத்தனை இன்ச் வருதோ அதுவே போதும்.

தம்பி என்ன பண்ணான்னு கேட்டீங்கன்னா, விக்கிறவர்கிட்ட பதிவுச் சான்றிதழ் மட்டும் கேட்டான். அதோட அந்த நம்பர்லயிருந்து பதிலே இல்லை. போனஸ் வந்ததும் சுவாமிமலைக்குப் போய் ஆறு இன்ச்ல ஒரு கிருஷ்ணர் வாங்கினான், பில்லோட. இப்போ சித்தி வீட்டு பூஜை அறையில காலண்டர் முருகன் பக்கத்துல அவர் இருக்கார். "எவ்வளவுடா ஆச்சு?"ன்னு சித்தி கேட்டாங்களாம். பில்லை அப்படியே எடுத்துக் காட்டியிருக்கான்.

உங்களுக்கும் இப்படி ஒரு ஆஃபர் வந்தா, முதல்ல அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.